பருப்பு மூட்டைகள் கற்றுத்தந்த கணக்காய்வு

பரீட்சைகளில் சித்தியடைந்தாலே பட்டயக் கணக்காளராகிவிடலாம் என்று எண்ணியிருந்த அம்மாவுக்கு, மூன்று வருட நடைமுறைப் பயிற்சியும் உண்டென்பதை விளங்கவைப்பதற்குள் எனக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது. 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த பட்டயக் கணக்காளர் நிறுவகம் இருப்பது கொழும்பு 7, மலலசேகர மாவத்தையில். ஆனால் நான் தொழிலைக் கற்றது புறக்கோட்டைக் களஞ்சியமொன்றில்தான்.

மார்ச் 31, நிதியாண்டின் இறுதி நாள். இருப்புப் பதிவேட்டில் சிலவற்றைத் தெரிந்தெடுத்துக் களஞ்சியத்தில் தேடினேன். இல்லாத சரக்கு கணக்கில் ஏறியிருந்தால் அதில் அகப்படும். வேலை முடிந்ததென்று புறப்பட்டபோது, பயிற்சியில் மூத்த அக்கா, “தம்பி, இனி மூட்டையில இருந்து புத்தகத்துக்குப் போங்கோ” என்றார். அப்படித் தேடியபோதுதான், மூலையில் தார்ப்பாயால் மூடிக்கிடந்த 14 பருப்பு மூட்டைகள் பதிவேட்டில் விடுபட்டிருந்தது தெரிந்தது.

எந்தத் திசையில் சோதிக்கிறோமோ அதற்கேற்பவே பிழை வெளிப்படும் என்பதைப் பாடநூலில் பலமுறை வாசித்திருந்தேன். வாசித்ததோடு சரி. அடுத்த பரீட்சையில் அதே விடயம் வினாவாக வந்தபோது, முதலில் நினைவுக்கு வந்தது அந்தத் தார்ப்பாய்தான்.