நாலு கால் சிலந்தியும் ஒரு துண்டுச் சீட்டும்

பெங்களூரில் ஹெப்பாளைத் தாண்டி, ஒரு பயிர்ப் பாதுகாப்பு ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். இலையிலும் காயிலும் வாழும் ஈரியோபைட் சிலந்திகளை (வலை பின்னும் சிலந்தி அல்ல, ‘மைட்’ எனப்படும் மிக நுண்ணிய உயிரிகள்) பிரித்தெடுத்து, ஸ்லைடில் ஏற்றி, என்ன இனம் என்று பார்ப்பதுதான் என் பொறுப்பு. விவசாயிகள் செஞ்சிலந்தி, சிலந்திப்பேன் என்று சொல்வது வேறு கூட்டம். அதற்கு எட்டுக் கால். வெண்டை, ரோஜா இலைகளின் அடியில் நூலாம்படை கட்டும், உற்றுப் பார்த்தால் வெறும் கண்ணுக்கே புள்ளியாகத் தெரியும். ஈரியோபைட்டுக்கு வாழ்நாள் முழுக்க நாலே கால், அதுவும் தலைப்பக்கம் மட்டும். கேரட் மாதிரி உடல் பின்னால் போகப் போகச் சிறுக்கும். நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். கண் கிடையாது. ஓர் இலையிலிருந்து இன்னோர் இலைக்குப் போக வேண்டுமென்றால் வால் நுனியை ஊன்றி நிமிர்ந்து நின்று காற்றுக்காகக் காத்திருக்கும்.

உலகம் முழுக்க 4000க்கும் மேற்பட்ட ஈரியோபைட் இனங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஒன்றை மற்றொன்றிலிருந்து எப்படிப் பிரிப்பது? முதுகுக் கேடயத்தில் ஓடும் கோடுகளைப் பார்க்க வேண்டும். காலின் நுனியில் சின்ன இறகு போன்ற ஓர் உறுப்பு இருக்கும், அதில் எத்தனை ஜோடிக் கிளைகள் என்று எண்ண வேண்டும். எந்த ரோமம் எங்கே முளைத்திருக்கிறது, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதும் கணக்கு. ஃபேஸ் கான்ட்ராஸ்ட் நுண்ணோக்கியில், லென்ஸுக்கும் ஸ்லைடுக்கும் நடுவே எண்ணெய் விட்டு, ஆயிரம் மடங்கு பெரிதாக்கினால்தான் இதெல்லாம் புலப்படும். சிலந்தி லேசாகத் திரும்பிப் படுத்துவிட்டால் கேடயம் தெரியாது, இன்னொன்றை எடுக்க வேண்டியதுதான்.

இவ்வளவு பார்த்தும் பல சமயம் முடிவு சொல்ல முடியாது. எந்தச் செடியில் எடுத்தது என்று தெரிந்தால்தான் விஷயம் நகரும். ஏனென்றால் பெரும்பாலான ஈரியோபைட் இனங்கள் ஒரே செடியிலோ அதன் நெருங்கிய சொந்தங்களிலோதான் வாழும். மல்லிகையில் இலையெல்லாம் வெள்ளை ரோமமாகப் படரச் செய்வது ஓர் இனம், லிச்சி இலையின் அடியில் பழுப்பு ரோமத்தை வளர்ப்பது இன்னோர் இனம். இந்த ரோம வளர்ச்சியை ஒரு காலத்தில் பூஞ்சை என்றே நினைத்து, பூஞ்சைகளோடு சேர்த்துப் பெயர் வைத்திருந்தார்கள். அதனால் எங்கள் ஆய்வகத்தில் நுண்ணோக்கியைவிட முக்கியமானது மாதிரியோடு வரும் துண்டுச் சீட்டு என்பது என் எண்ணம். என்ன செடி, எந்த ஊர், எந்தத் தேதி, இவ்வளவு போதும். ஒருமுறை வெளியூரிலிருந்து வந்த பார்சலில் ‘களைச்செடி’ என்று மட்டும் எழுதியிருந்தது. உள்ளே இரண்டு இலை, பூ இல்லை, காய் இல்லை. என்னோடு வேலை பார்க்கும் கிருஷ்ணகிரித் தம்பி, “அக்கா, இதை வெச்சுக்கிட்டு நாம என்னக்கா பண்றது?” என்று கேட்டான். அழகாக ஏறிய ஸ்லைடுகள் இன்னும் பெட்டியில் பெயரில்லாமல் கிடக்கின்றன. எனக்கு அது உண்மையிலேயே வலிக்கிறது.

ஓசூர்ப் பக்கத்திலிருந்து தென்னை விவசாயிகள் வருவார்கள். பையில் நாலைந்து காய் இருக்கும். எல்லாவற்றிலும் காம்புப் பக்கத்திலிருந்து பழுப்புத் தழும்பு, வெடிப்பு. “மருந்து பேரு மட்டும் சொல்லுங்க மேடம்” என்பார்கள். மருந்தடித்தால் ஏன் போகவில்லை என்று அவர்களுக்குக் காட்ட, குரும்பையின் இதழை அவர்கள் கண் முன்னாலேயே பிரித்து நுண்ணோக்கியின் கீழ் வைப்பேன். அந்த இதழுக்கும் காய்க்கும் நடுவே உள்ள இடுக்கில்தான் தென்னையைத் தாக்கும் ஈரியோபைட் சிலந்திகள் கூட்டம் கூட்டமாக இருக்கும், மேலே தெளிக்கும் மருந்து அங்கே எட்டாது. முட்டையிலிருந்து முழு வளர்ச்சிக்குச் சுமார் பத்து நாள்தான். அதே இடுக்கில் இவற்றைத் தின்னும் தட்டையான இரைவிழுங்கிச் சிலந்திகளும் இருப்பதைப் பார்த்ததும் அவர்கள் பேச்சு மாறிவிடும். கண்டபடி மருந்தடித்தால் முதலில் சாவது அவைதான் என்று அதற்கு அப்புறம் சொன்னால் கேட்டுக்கொள்கிறார்கள்.

இந்தத் தென்னைச் சிலந்தி மெக்சிகோவின் கெரெரோவில் எடுத்த மாதிரிகளை வைத்து 1965இல் விவரிக்கப்பட்டது, விவரித்தவர் அமெரிக்க ஆய்வாளர் கீஃபர். இந்தியாவில் 1998இல் எர்ணாகுளம் மாவட்டத்தில் கண்டுபிடித்தார்கள். கொஞ்ச காலத்திலேயே தமிழ்நாடு, கர்நாடகம் என்று பரவிவிட்டது.

தென்னையில் சேதமாவது கண்ணுக்குத் தெரியும். துவரையில் அப்படியில்லை. துவரை இலையின் அடியில் வாழும் அசீரியா கஜானி என்ற ஈரியோபைட் இலையைச் சுருட்டுவதில்லை, ரோமம் வளர்ப்பதில்லை, ஒரு வடுவும் விடுவதில்லை. ஆனால் மலட்டுத் தேமல் நோயின் வைரஸைச் சுமந்து வருவது அதுதான். செடி பச்சையாக, புதராக நிற்கும், பூக்காது. 1931இல் பீகாரின் பூசாவில் பதிவான நோய் இது. இதைப் பரப்பும் சிலந்தியை 1966இல் விவரித்துப் பெயரிட்டவர் இதே பெங்களூரில் வேலை பார்த்த ஜி.பி. சன்னபசவண்ணா. வைரஸ் எது என்று பிடிபடச் சுமார் 70 ஆண்டுகள் ஆயின. 1966க்குப் பிறகும் வைரஸ் யாரென்று தெரியாமலிருந்த காலம் முழுக்க, எந்தச் சிலந்தி என்று தெரிந்திருந்தது எவ்வளவு பெரிய உதவி! வகைப்பாடு வெறும் பெயர் சூட்டல் என்று யாராவது சொன்னால் நான் முதலில் எடுத்துச் சொல்வது இந்தத் துவரைக் கதையைத்தான்.

அந்தச் சிலந்தி துவரையிலும் அதன் காட்டுச் சொந்தங்கள் சிலவற்றிலும் மட்டுமே வாழும். ஆகவே அறுவடை முடிந்தபின் வரப்பில் தானாக முளைத்து நிற்கும் துவரையைப் பிடுங்கிவிடச் சொல்கிறோம். அங்கே தங்கித்தான் அடுத்த பயிருக்குப் போகிறது.

மாதிரி அனுப்புகிறவர்களுக்கு இப்போது தம்பியும் நானும் போனிலேயே சொல்லிவிடுகிறோம்: தனி இலை வேண்டாம், பூவோ காயோ உள்ள கிளையாக வெட்டுங்கள். வரும் வழியில் காய்ந்துவிட்டாலும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், காய்ந்த இலையிலிருந்தும் சிலந்தியை எடுத்து ஸ்லைடில் ஏற்ற முடியும். சீட்டைப் பென்சிலால் எழுதுங்கள், மாதிரி கெடாமலிருக்க ஊற்றும் ஆல்கஹால் பட்டால் பேனா மை கரைந்துவிடும்.