குதிரை தாங்குமா என்று யார் சொல்வது?

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் கோயில் கொடைக்கு மாட்டுவண்டிப் பந்தயம் வைத்தால் சில ஊர்களில் குதிரை வண்டியும் ஓடும், ஆனால் ஓடி வந்த குதிரையைத் தொட்டுப் பார்க்க ஆள் இருக்காது, "அதெல்லாம் ஓடும்ல" என்று ஓட்டுகிறவரே சொல்லிவிடுவார். 160 கிலோமீட்டர் வரை போகும் சர்வதேச எண்டூரன்ஸ் போட்டிகளில், அதாவது நெடுந்தூரக் குதிரைச் சவாரிப் போட்டிகளில், அப்படி விடுவதில்லை. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் கால்நடை மருத்துவர் பார்ப்பார்: இதயத் துடிப்பு குறித்த நேரத்துக்குள் நிமிடத்துக்கு 64க்கு இறங்கியிருக்க வேண்டும், ஈறு என்ன நிறம், குடலில் சத்தம் கேட்கிறதா, தோலைக் கிள்ளி விட்டால் எவ்வளவு வேகமாகப் படிகிறது, அப்புறம் கயிற்றைப் பிடித்து ஓடவிட்டு நொண்டுகிறதா என்று. நடையில் சந்தேகம் வந்தால் மூன்று மருத்துவர்கள் ரகசியமாக வாக்களிப்பார்கள். எனக்குப் பிடித்தது அந்த ரகசியம்தான், பக்கத்தில் நிற்கிறவர் முகத்தைப் பார்த்து முடிவு மாறாது பாருங்கள்.

ஓட்டுகிறவருக்குத் தன் குதிரையை நன்றாகத் தெரியும், மறுக்கவில்லை. ஆனால் அவருக்குப் பரிசும் வேண்டுமே! அதனால் நிறுத்துவதற்கு அவர் சொன்னால் போதும், தொடர்வதற்கு அவர் சொல் போதாது. ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது, நம்மூர்ப் பந்தயத்துக்கு அங்கிருந்து ரெண்டு பேரைக் கேட்டுப் பார்த்தால் என்ன, விழாக் கமிட்டிக்காரர்களே?