கேட் (GATE) நுழைவுத் தேர்வுல ஜியாலஜி எழுதுற தம்பி தங்கச்சிங்களுக்கு, கன்னியாகுமரி மாவட்டத்துல எங்க ஊரு மணவாளக்குறிச்சி மண்ண வச்சு நான் படிச்ச கதை

மொத தடவ எழுதுனப்ப மைனிங் வார்த்தை எல்லாம் கோச்சிங் நோட்ஸ பாத்து உருப்போட்டுட்டு போனேன், ஓர், கேங், டெய்லிங்ஸ் எதக் கேட்டாலும் தூக்கத்துல சொல்லுவேன், ஆனா கேள்வில ரெண்ட பக்கத்துல பக்கத்துல வச்சதும் முழிச்சேன். தப்பா போட்டா ஒரு மார்க் எம்சிக்யூக்கு மூணுல ஒரு பங்கு வேற போயிரும். (கேங்க ஸ்பெல்லிங் பாத்து கேங்யூன்னு படிச்ச ஆளு நான், அத விடுங்க.)

ரெண்டாவது தடவ நோட்ஸ மூடி வச்சுட்டு எங்க ஊரு கருமணல்ல இருந்து ஆரம்பிச்சேன். அம்மா அரிசி அரிக்கும்போது கல்லு அடில தங்கும்லா, அலையும் அதத்தான் செய்யுது. மலைல சார்னகைட், கோண்டலைட் பாறை உதிர்ந்து ஆத்தோட கடலுக்கு வருது, குவார்ட்ஸ் அடர்த்தி 2.65தான், அலை இழுத்துட்டு போயிரும், கருமணல்ல உள்ள கனிமங்கள்ல இல்மனைட் 4.7 பக்கம், மோனசைட் 5 பக்கம், அதுங்க கரையிலயே கெடக்கும். இதான் பிளேசர் டெபாசிட்.

இப்ப குழப்பத்துக்கு வருவோம். இதே மண்ணுல உள்ள கார்னெட் எங்க கெடந்தாலும் கனிமம்தான், தோண்டி பிரிச்சு வித்தா காசு மிஞ்சும்னாதான் அது கெடக்குற மண்ணு ஓர், அதாவது தாது. ஒரே ஆளு அம்மா வீட்ல மகன், பொண்டாட்டி வீட்ல மருமகன் இல்லியா, அது மாதிரி ஒரே குவார்ட்ஸ் மணிக்கு மூணு பேரு வரும். தாதுவுக்கு மேல வெறும் மண்ணா மூடி கெடந்தா ஓவர்பர்டன், தாதுக்குள்ளயே கலந்து கெடந்தா கேங், கனிமத்த பிரிக்கிற பிளான்ட்டுக்குள்ள போயி கழிவா வெளிய வந்தா டெய்லிங்ஸ். எங்க நிக்குதுன்னு பாருங்க, பேரு தானா வரும்.

மண்ணுல உள்ள கனிமங்கள பிரிக்கிற பகுதிக்கு ரெண்டே கேள்வி, காந்தம் இழுக்குமா, கரன்ட் கடத்துமா. இல்மனைட் ரெண்டும் செய்யும், ரூட்டைல் கரன்ட் மட்டும் கடத்தும், சிர்கானும் சிலிமனைட்டும் ரெண்டும் செய்யாது, கார்னெட்டும் மோனசைட்டும் கரன்ட் கடத்தாது ஆனா காந்தத்துக்கு வரும், அதுலயும் மோனசைட் ரொம்ப லேசாத்தான். இத வச்சே ஒரு பிளான்ட் ஃப்ளோஷீட், அதாவது எந்த வேலைக்கு அப்புறம் எந்த வேலைன்னு காட்டுற படம், வரஞ்சிரலாம், நாலு தடவ வரஞ்சு பாருங்க. சிலிமனைட்ட மட்டும் தனியா ஞாபகம் வச்சுக்கங்க, சிர்கான்கிட்ட இருந்து அத பிரிக்க அடர்த்தி, மிதப்பு முறைன்னு போவாங்க.

எங்க ஊரு மண்ணுல மோனசைட் இருக்குறத 1909ல ஷோம்பெர்க்னு ஒரு ஜெர்மன்காரர் கண்டுபிடிச்சது இங்கேர்ந்து போன கயித்துல ஒட்டியிருந்த மண்ணுல, அன்னைக்கு கேஸ் லைட் மேன்டிலுக்கு மோனசைட்ல இருக்குற தோரியம் தேவைப்பட்டுச்சு. கேள்விக்கு வருமோ வராதோ, எனக்கு மோனசைட் மறக்காம போனது இந்தக் கதையாலதான்.

பழைய ஹார்ட் டிஸ்க் காந்தத்த பாலித்தீன் கவர்ல சுத்தி மண்ணுல வச்சா கருப்பு மணி ஒட்டும், அதான் இல்மனைட். கவரோட வைக்கணும், இல்லன்னா காந்தத்துல இருந்து பிச்சு எடுக்க அரை நாளு ஆகும். மண்ண வீட்டுக்கு அள்ளிட்டு வராதீங்க மக்கா, மோனசைட்ல கதிரியக்கம் உண்டு, அங்கயே உக்காந்து பாத்துட்டு கொட்டிட்டு வாங்க.