பென்சிலால் கோடிட்ட பக்கங்கள்

மாஸ்டரைப் பற்றி எழுதித் தரும்படி மலர்க்குழு கேட்டதும், நம் கல்லூரி மண்டபத்தின் சுவரில் கட்டியிருந்த வெள்ளைத் துணிதான் முதலில் ஞாபகம் வந்தது. 1972ஆம் ஆண்டு. ஏ.எல். வகுப்பில் எங்களுக்கு ஆங்கில இலக்கியம் படிப்பித்தவர் அவர். ஆங்கில அரசன் ஹென்றி பிரான்சின் மீது படையெடுக்கும் கதையான ஷேக்ஸ்பியரின் 'ஐந்தாம் ஹென்றி' நாடகம் எங்கள் பாடம். லோரன்ஸ் ஒலிவியே தானே நடித்து இயக்கி, 1944இல் வெளிவந்த அதன் படத்தைக் கொழும்பிலிருந்து எடுப்பித்திருந்தார். சுருள் பெட்டியில் வந்தது.

முதல் நாள் சும்மா பார்த்தோம். அஜின்கோர்ட் போரில் பிரெஞ்சுக் குதிரைகள் மெல்ல நடந்து, பிறகு ஓடி, பிறகு பாய்ந்து வரும். ஆங்கில வில்லாளிகள் நாணை இழுத்தபடி காத்து நிற்பார்கள். அரசனின் வாள் கீழே இறங்கியதும் அத்தனை அம்பும் ஒரே சீற்றமாகக் கிளம்பும். மண்டபமே எழுந்து கைதட்டியது. நானும் தட்டினேன்.

அடுத்த நாள் அதே படத்தை மறுபடி ஓட்டினார். இரண்டு பேருக்கு ஒரு டோர்ச். "நாடகத்தை மடியில வைச்சுக்கொண்டு பாருங்கோ. படத்தில வராத இடமெல்லாம் பென்சிலால கோடு போடுங்கோ" என்றார்.

கோடுகள் விழத் தொடங்கின. அரசனைக் கொல்லச் சதி செய்த மூன்று பிரபுக்களைக் காணோம். பிரான்சின் ஹார்ஃப்ளூர் நகர வாசலில் நின்று, பணியாவிட்டால் தன் சிப்பாய்கள் குழந்தைகளை ஈட்டியில் குத்துவார்கள் என்று ஹென்றி மிரட்டும் பேச்சும் இல்லை. போர் நடுவில் மாஸ்டர் படத்தை நிறுத்தினார். பிரெஞ்சுக்காரர் மூட்டை முடிச்சுக் காவலில் இருந்த சிறுவர்களைக் கொன்றது திரையில் இருந்தது. கைதிகளைக் கொல்லச் சொல்லி ஹென்றி இடும் கட்டளை எங்கள் மடியில் மட்டுமே இருந்தது. அதை அவர் சத்தமாக வாசித்தார். முந்தின நாள் கைதட்டிய மண்டபம் அது. ஒரு பெடியனும் அசையவில்லை.

அப்புறம்தான் காரணத்தைச் சொன்னார். இரண்டாம் உலகப் போருக்காகக் கடற்படை விமானப் பிரிவில் சேர்ந்திருந்த ஒலிவியேயை, இந்தப் படத்தை எடுக்கவென்றே விடுவித்தார்கள். இங்கிலாந்தின் வானத்தில் போர் விமானங்கள் பறந்ததால், நடுநிலை நாடான அயர்லாந்தில் என்னிஸ்கெரி என்ற ஊருக்குப் போய்ப் போர்க்காட்சியைப் படமாக்கினார்கள். உள்ளூர் ஆட்களே சிப்பாய்கள். இரும்புக் கவசம் என்று நாங்கள் நம்பியது, நூலில் பின்னி வெள்ளிப் பூச்சு அடித்த சட்டை. பிரிட்டனின் கமாண்டோக்களுக்கும் வான்வழிப் படையினருக்கும் படத்தைக் காணிக்கையாக்கினார்கள். பிரான்சின் நோர்மண்டியில் ஜெர்மன் படையோடு மோதி ஆட்கள் செத்துக்கொண்டிருந்த வருடத்தில், கைதியைக் கொல்லும் அரசனை எப்படிக் காட்டுவது?

லண்டன் வந்த பிறகு இப்படியான படங்களைத் தேடித்தேடிப் பார்த்தேன். சோவியத் இயக்குநர் ஐசன்ஸ்டைனின் 'அலெக்சாண்டர் நெவ்ஸ்கி' 1938இல் வந்தது. 1242இல் உறைந்த ஏரியில் ஜெர்மானிய வீரர்களை இளவரசர் நெவ்ஸ்கியின் தலைமையில் ரஷ்யர் முறியடித்த கதை. 1939 ஓகஸ்டில் ஸ்டாலினும் ஹிட்லரும் ஒப்பந்தம் செய்ததும் படத்தைத் தூக்கிவிட்டார்கள். 1941 ஜூனில் ஜெர்மனி படையெடுத்ததும் அது மறுபடி திரைக்கு வந்தது. அடுத்த ஆண்டு நெவ்ஸ்கி பெயரில் விருது ஒன்றை ஏற்படுத்தினார்கள். அவருடைய உண்மையான உருவம் எவருக்கும் தெரியாததால், பதக்கத்தில் பொறித்தது படத்தில் அவராக நடித்த செர்காசோவின் முகத்தை!

என்னை மிகவும் வதைத்தது 'கோல்பெர்க்'. ஹிட்லரின் பிரசார அமைச்சர் கோயபல்ஸ் 1943இல் எடுக்கச் சொன்ன வண்ணப்படம். 1807இல் நெப்போலியன் படையின் முற்றுகைக்கு அடிபணியாத கோல்பெர்க் என்ற பிரஷ்ய (ஜெர்மானிய அரசு ஒன்றின்) ஊரின் கதை. போர்முனையில் ஆள் இல்லாத நேரத்தில் ஆயிரக்கணக்கான சிப்பாய்களை நடிக்க வைத்தார்கள். 1945 ஜனவரி 30ஆம் தேதி முதல் காட்சி. ஜெர்மன் படை முற்றுகையில் சிக்கியிருந்த பிரெஞ்சுத் துறைமுகமான லா ரோஷெலுக்கும் பிரதி அனுப்பிக் காட்டினார்கள். இதில் எங்கே கோடு போடுவது? கோல்பெர்க் தாக்குப்பிடித்தது உண்மை. ஆனால் அந்தப் போரில் பிரஷ்யா தோற்றது. நெப்போலியனோடு செய்த டில்சிட் சமாதான உடன்படிக்கையில் ஏறக்குறைய பாதி நாட்டை இழந்தது. அந்த முடிவு படத்தில் இல்லை. படம் வெளிவந்து ஏழு கிழமைக்குள், மார்ச் 18இல், அசல் கோல்பெர்க்கே சோவியத், போலந்துப் படைகளிடம் விழுந்தது.

எங்கள் மண்ணிலும் போர் வந்தது. எந்தத் தரப்பின் படத்தைப் பார்த்தாலும் என் கை பென்சிலைத் தேடியிருக்கிறது.

இடம்பெயர்ந்தபோது என் நாடகப் புத்தகம் போய்விட்டது. அன்று மண்டபத்தில் இருந்த எவரிடமாவது கோடிட்ட பிரதி இருந்தால் சங்கத்துக்கு அறிவியுங்கள். கைதிகள் வரும் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அடுத்த மலரில் போடலாம்.