முகத்தை மறைச்சாக் காணுமா?

மட்டக்களப்பில் ஒரு திருநம்பியைப் பற்றிச் சிறிய ஆவணப்படம் ஒன்றை எடுத்து முடித்திருக்கிறோம். எப்படி எடுத்தீர்கள், பயமில்லையா, எங்களிடமும் கதை இருக்கிறது என்று சிலர் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இது. கருவிகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை: இரவல் கமெரா, ஒரு கொலர் மைக், ஒரு ட்ரைபொட். காலம் போனதெல்லாம் இந்தப் படம் யார் கண்ணில் படக்கூடாது என்று முடிவெடுப்பதில்தான்.

படத்தில் அவரைத் 'தம்பி' என்றுதான் சொல்கிறோம். இங்கேயும் அப்படியே இருக்கட்டும். எழுவான்கரையில், அதாவது வாவிக்குக் கிழக்கே கடல் பக்கமாக, ஒரு கிராமம். அதற்கு மேல் கேட்காதீர்கள்.

கதை தொடங்குவது வீட்டில். எங்கள் பக்கம் வீடு பெண்பிள்ளைக்கு. மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும், தமிழரோ முஸ்லிம்களோ, மகளுக்கு வீடு கட்டிச் சீதனமாக எழுதிக் கொடுத்தால்தான் தாய் தகப்பனுக்கு நித்திரை வரும். தம்பி மூத்த மகளாகப் பிறந்தவர். சீட்டுக்காசு, தங்கச்சி வெளிநாட்டிலிருந்து அனுப்பிய காசு எல்லாம் போட்டு அம்மா கட்டிய வீடு, அவருடைய பழைய பெயரில் உறுதி எழுதிக் கிடக்கிறது. கலியாணம் நடக்கவில்லை. மீசை வந்துவிட்டது. வீடு அவரிடம்தான்.

இதைக் கமெராவுக்கு முன்னால் அம்மாவிடம் கேட்டேன். "வீடு மூத்தவளுக்குக் கட்டினது. அவன் இருக்கான். வேற என்ன கேக்காய் புள்ள?" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டா. அதற்குப் பிறகு அவவிடம் வேறு கேள்வி கேட்கத் தோன்றவில்லை.

கமெராவை எடுப்பதற்கு முன்னரே ஒரு சட்டத்தரணியிடம் போயிருந்தோம். 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையில், ஒரே பாலினத்தவரின் உடலுறவைக் குற்றமாக்கும் 365, 365அ பிரிவுகள் இன்னும் இருக்கின்றன. 365அ முன்பு ஆண்களை மட்டும்தான் சொன்னது. 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு பெண்களும் அதற்குள் வந்துவிட்டார்கள். இவற்றை மாற்றக் கொண்டுவந்த சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் சொன்னது. பாராளுமன்றத்தில் அது நிறைவேறவில்லை. ஆவணங்களில் தம்பி இன்னும் பெண்தான் என்பதால், அவருடைய காதலையும் யாராவது அந்தப் பிரிவுக்குள் இழுக்கலாம். சட்டத்தரணி சுருக்கமாகச் சொன்னார்: காதலைப் பேசட்டும், வாழ்க்கையைப் பேசட்டும், படுக்கையறைக் கதையை மட்டும் கமெராவிடம் சொல்ல வேண்டாம். எடிட்டிங்கில் வெட்டியதும் மெமரி கார்டில் இருக்கும்வரை இருக்கும், அழித்துவிடுங்கள் என்றும் சொன்னார். காதலி படத்தில் இல்லை. அவள் சிரிக்கும் சத்தம் ஓரிடத்தில் விழுந்திருந்தது. கேட்க நன்றாகத்தான் இருந்தது, எடுத்துவிட்டோம்.

மறைப்பது என்றதும் எல்லோரும் முகத்தைத்தான் நினைக்கிறார்கள். ஆளை யன்னலுக்கு முன்னால் இருத்தி, பின்னால் வெளிச்சம் விட்டால் முகம் கறுத்துவிடும், அது பெரிய வேலையில்லை. ஆனால் எங்கள் ஊர்களில் ஆளைக் கண்டுபிடிக்க முகமா வேணும்? கேற்றின் நிறம் காணும். மோட்டார் சைக்கிள் சத்தம் காணும். ஒருநாள் தம்பி தகப்பனைப் பற்றி முதன்முறையாக வாய்திறந்து பேசிக்கொண்டிருக்கும்போது, கோயில் ஸ்பீக்கரில் ஊர்ப் பெயரையும் கோயில் பெயரையும் முழுதாகச் சொல்லி அன்னதான அறிவித்தல் போனது. கொலர் மைக்கில் அது தெளிவாக ஏறிவிட்டது. பேச்சையும் அறிவித்தலையும் பிரிக்க முடியவில்லை. படத்திலேயே நல்ல பகுதி அதுதான், போய்விட்டது. திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

குரலிலும் பிரச்சினை வந்தது. குரலை மாற்றுவோம் என்றோம், அதுதான் பாதுகாப்பு. தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. "எத்தின வருசம் ஊசி போட்டு வந்த குரல் அக்கா. அத எடுத்துப்போட்டு ஆருட குரல வைக்கப் போறீங்க?" என்றார். என்னிடம் பதில் இல்லை. பிறகு இருந்து ஆறுதலாகப் பேசினோம். யாருக்குப் பயம்? பக்கத்து வீட்டுக்கு அவரைத் தெரியும். கடைக்காரருக்குத் தெரியும், ஐயருக்கும் தெரியும். ஊர் கண்டும் காணாமலும் பழகிவிட்டது. அவருடைய பயமெல்லாம் முன்பின் தெரியாத ஆட்கள், அவர்களுடைய போன், டிக்டொக், வேலை செய்யும் இடத்து முதலாளி. அப்படியென்றால் குரலை மாற்ற வேண்டியதில்லை, படம் போகும் இடத்தைத்தான் இறுக்க வேண்டும். இணையத்தில் ஏற்றுவதில்லை. நாங்கள் கூட நிற்காமல் எங்கும் காட்டுவதில்லை. எப்போது வேண்டாம் என்றாலும் நிறுத்த அவருக்கு உரிமை. இதைத் தமிழில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்து வைத்தோம்.

எனக்கு மிகவும் பிடித்த காட்சி அடையாள அட்டைதான். 2016இல் சுகாதார அமைச்சின் சுற்றறிக்கை வந்த பிறகு, மனநல வைத்தியர் மூலம் பாலின அங்கீகாரச் சான்றிதழ் எடுத்து, அதை வைத்துப் பிறப்புச் சான்றிதழை மாற்ற வழி இருக்கிறது. தம்பியிடம் சான்றிதழ் இருக்கிறது, ஆனால் மாற்றவில்லை. மாற்றினால் உறுதியில் இருக்கிற ஆள் தான்தான் என்று எந்தக் கந்தோரில் போய் நிற்பது என்ற பயம். மாற்றாமல் இருந்தால் அட்டை காட்டிக்கொடுக்கிறது. அட்டை இலக்கத்தில் பிறந்த வருடத்துக்கு அடுத்த மூன்று இலக்கமும் பிறந்த நாள் வருடத்தின் எத்தனையாவது நாள் என்பதைக் காட்டும். பெண்ணென்றால் அதோடு 500 கூட்டியிருப்பார்கள். சனவரி 10இல் பிறந்த ஆணுக்கு 010, பெண்ணுக்கு 510. தம்பி அட்டையை மேசையில் வைத்து, பெயரைப் பெருவிரலால் மறைத்துக்கொண்டு, சுட்டுவிரலால் ஒரு இலக்கத்தை மட்டும் தட்டிக் காட்டினார். "இந்த அஞ்சுதான் அக்கா. பொலிஸ்காரன் மீசையப் பாத்தான், அஞ்சப் பாத்தான், மறுகா மீசையப் பாத்தான்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். மற்ற இலக்கங்களுக்கு மேல் கறுப்புப் பட்டி போட்டோம். மங்கலாக்கிவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள், அதைத் திரும்பத் தெளிவாக்கப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ஒரு தொலைக்காட்சியும் கேட்டது. "அழுற இடம் ஒண்டு இருக்கா? ஒபரேசன் பற்றிக் கேட்டீங்களா?" இரண்டும் இல்லை என்றேன். அதற்குப் பிறகும் எடுக்கத் தயாராகத்தான் இருந்தார்கள், காசும் சொன்னார்கள். ஒப்பந்தத்தில் துண்டு துண்டாக வெட்டி யூடியூபிலும் பேஸ்புக்கிலும் போடும் உரிமை தங்களுக்கு என்று ஒரு வரி இருந்தது. அதை எடுக்கச் சொன்னோம், எடுக்கவில்லை. விட்டுவிட்டோம். கமெராக்காரப் பையனுக்கு இன்னும் முழுச் சம்பளம் கொடுத்து முடியவில்லை, அதுதான் கவலை.

பொதுமண்டபத்தில் எல்லாருக்குமாகக் காட்டுவதென்றால் தணிக்கைச் சான்றிதழ் வேணும், அந்தச் சட்டம் 1912ஆம் ஆண்டினுடையது. இப்போதைக்கு அந்தப் பக்கம் போகவில்லை. தெரிந்தவர்களை மட்டும் கூப்பிட்டு ஒரு வீட்டு விறாந்தையில் வெள்ளைச் சீலை கட்டிக் காட்டினோம். வாசலில் கடகம் ஒன்று வைத்து எல்லாருடைய போனையும் அதற்குள் போடச் சொன்னோம். ஒரு மாமா போன் தர மாட்டேன் என்று திரும்பிப் போய்விட்டார்.

படம் முடிந்ததும் அம்மா என்னிடம் வந்தா. "கனடாவில இருக்கிற அக்காக்கு லிங்க் அனுப்பு புள்ள. வீடு எவ்வளவு வடிவா விழுந்திருக்கு." லிங்க் இல்லை என்று தம்பி சொன்னார். "என்ட வீட்ட என்ட அக்காக்குக் காட்டுறதுக்கு ஆருட்டக் கேக்கணும் மனே?" என்று அம்மா கேட்டா. உறுதி தன்ட பெயரில் கிடக்கு என்று தம்பி சொன்னார். அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை. தம்பி ஓம் என்றால் ஏதாவது வழி பார்க்கலாம், இல்லாவிட்டால் பெரியம்மா வைகாசிச் சடங்குக்கு வரக்குள்ள பார்க்கட்டும்.