இரண்டு விநாடி

ஏப்ரல் 19

மதியம் வண்டி கிளம்பவில்லை.

ஏப்ரல் 20

காலை ஆறு மணிக்குச் சாவியைத் திருப்பினேன். முதல் சுற்றிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. நேற்று மதியம் இதே சாவியைத் திருப்பித் திருப்பி மணிக்கட்டு வலித்ததே! ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றியது, எஞ்சின்தான் பிடிக்கவில்லை. இன்று ஒன்றுமே நடக்காததுபோல ஓடுகிறது. எனக்கு இதுதான் பயமாக இருக்கிறது. அடியோடு கெட்டுப்போயிருந்தால் வேறு ஏற்பாடு செய்துகொள்வேன். நினைத்தால் ஓடி நினைத்தால் நிற்கும் வண்டியில், நடுராத்திரி பிள்ளைத்தாய்ச்சி மகளை ஏற்றிக்கொண்டு தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு எப்படிப் புறப்படுவது?

இருபத்தைந்து கிலோமீட்டர்.

ஏப்ரல் 22

மெக்கானிக் வந்தார். "டீச்சர், இப்போது வரும் பெட்ரோலில் இருபது சதவீதம் எத்தனால். 1999ஆம் வருஷத்து வண்டிக்கு அது ஒத்துக்கொள்ளாது. பம்ப் போயிருக்கும். டேங்கை இறக்கி மாற்றிவிடலாம்" என்றார்.

எத்தனால் கவலை எனக்கும் உண்டு. அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாய்களை நோகடிக்கும். ஆனால் காலையில் ஓடவிட்டு மதியம் மட்டும் நிறுத்துமா என்று கேட்டேன். அவர் எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தார். பம்பைத் தொட வேண்டாம், ஃபில்டரை மட்டும் மாற்றுங்கள் என்றேன். மாற்றினார்.

இரண்டு மணிக்கு மறுபடியும் கிளம்பவில்லை.

ஏப்ரல் 23

அவளுக்குக் கால் வீங்கியிருக்கிறது. கட்டை விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்து, மெதுவாகத்தான் மேலே வருகிறது.

ஏப்ரல் 24

முப்பத்திரண்டு வருடம் பிள்ளைகளுக்கு மின்சுற்று சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பயந்துகொண்டு உட்கார்ந்திருப்பதைவிட அளந்து பார்ப்பது மேல் என்று மல்டிமீட்டரை எடுத்தேன்.

பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட். ஸ்டார்ட்டர் சுற்றும்போது 10.4. குறையில்லை. பிளக் ஒன்றைக் கழற்றி, வயரில் மாட்டி, உலோகத்தில் படவைத்து, பக்கத்து வீட்டுத் தம்பியைச் சாவி திருப்பச் சொன்னேன். நீலப்பொறி, பட்பட்டென்று. ஆக, பொறி இருக்கிறது. பிளக்கின் முனை உலர்ந்து கிடந்தது, முகர்ந்தால் பெட்ரோல் வாடையே இல்லை. அத்தனை சுற்றுச் சுற்றியும் நனையவில்லை என்றால், பெட்ரோல் சிலிண்டருக்கு வந்து சேரவில்லை.

தம்பி ஆக்ஸிலரேட்டரை மிதித்துக்கொண்டே இருந்தான். அவன் அப்பாவின் பழைய கார்புரேட்டர் வண்டியில் அப்படித்தான் செய்வார்களாம். இதில் எவ்வளவு பெட்ரோல் விடுவது என்பதைக் கம்ப்யூட்டர்தான் முடிவு செய்யும். அடிவரை மிதித்துக்கொண்டு சுற்றினால், பிளக் நனைந்துவிட்டதென்று எடுத்துக்கொண்டு இன்ஜெக்டர்களை மூடிவிடவும் கூடும். சொன்னேன். காலை எடுத்தான்.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. சாவியை ஒரு படி திருப்பியதும் பின்சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு முனகல் வரும். டேங்குக்குள் இருக்கும் பம்ப் இரண்டு விநாடி ஓடி, குழாயில் அழுத்தத்தை ஏற்றிவிட்டு நிற்கும். எஞ்சின் சுற்றத் தொடங்கினால்தான் மறுபடி ஓடும். இத்தனை வருடம் காதில் விழுந்தும் நான் கவனித்ததே இல்லை. இன்று கேட்கவில்லை.

ஏப்ரல் 25

ரத்த அழுத்தம் 130/84. நர்ஸ், "பார்த்துக்கொள்ளுங்கள்" என்கிறார். சாப்பிட்டபின் இடப்பக்கமாகப் படுத்து அசைவை எண்ணச் சொன்னார். இரண்டு மணி நேரத்துக்குள் பத்து வர வேண்டும். முக்கால் மணி நேரத்தில் பத்து வந்துவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம்.

ஏப்ரல் 27

முனகல்:
காலை 6 — உண்டு.
9 — உண்டு.
11.30 — உண்டு, ஆனால் தயங்கி வந்தது.
மதியம் 2 — இல்லை.
4 — இல்லை.
இரவு 7 — உண்டு.
இரவு 2 — உண்டு.

ராத்திரி இரண்டு மணிக்கு நான் காருக்குள் உட்கார்ந்திருந்ததை அவள் ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டாள். "அம்மா, வந்து படு." அவளும் தூங்கவில்லை.

வெயில். எல்லாம் வெயிலில்தான் இருக்கிறது.

ஏப்ரல் 28

மதியம் 2.15. பம்பின் இணைப்பைக் கழற்றி, பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்த தனி வயரை இழுத்து நேராகக் கொடுத்தேன். ம்ம்ம் என்று முனகியது! பம்பில் குறையில்லை. டேங்கை இறக்கியிருந்தால் பணமும் போய், குறையும் அப்படியே இருந்திருக்கும்.

ஃபியூஸ் சரி. சாவியைத் திருப்பினால் எஞ்சின் விளக்கு எரிந்து, இரண்டு விநாடியில் அணைகிறது. கம்ப்யூட்டர் விழித்துக்கொண்டுதான் இருக்கிறது. அதற்கும் பம்புக்கும் நடுவில் மிச்சமிருப்பது ரிலே, கம்ப்யூட்டர் சொன்னதும் பம்புக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்ச்.

இன்றைக்கு அசைவு பத்து வர ஒன்றரை மணி நேரம் ஆனது.

ஏப்ரல் 29

நாற்பது நிமிடம். அன்றைக்கும் இதே வண்டி இதே வாசலில்தான் நின்றது. ஓட்டத் தெரிந்தவர், அவள் அப்பா, கட்டிலில் கிடந்தார். நான் தெருமுனையைப் பார்த்தபடி நின்றேன். நாற்பது நிமிடம்.

கருமாதி முடிந்த மறுவாரம் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனேன். யாரிடமும் காரணம் சொல்லவில்லை.

மே 1

கடைகள் எல்லாம் மூடியிருக்கின்றன. 128/82. நன்றாகத் தூங்கினாள்.

மே 2

ஸ்டியரிங்குக்கு அடியில் தலையை நுழைத்து, மல்லாந்து படுத்து ரிலேயைக் கழற்றினேன். எழுந்திருக்கத்தான் தம்பி கை கொடுக்க வேண்டியிருந்தது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி. மூடியைக் கத்தியால் நெம்பினேன். உள்ளே எல்லாம் புதிதுபோல இருந்தது, மனம் சோர்ந்துவிட்டது. பிறகு பூதக்கண்ணாடியை எடுத்துவந்து வாசல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன்.

ஒரு காலைச் சுற்றியிருந்த ஈயப்பற்றில் வட்டமாக ஒரு விரிசல், தலைமுடி அளவுதான். காலுக்கும் பற்றுக்கும் நடுவே மோதிரம்போல ஒரு கருப்புக் கோடு.

இவ்வளவுதான். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு வெயிலில் நிறுத்தினால் டேஷ்போர்டுக்கு அடியில் அடுப்புபோலச் சுடுகிறது. உலோகம் ஒரு அளவில் விரிகிறது, அது பற்றியிருக்கும் சர்க்யூட் அட்டை ஒரு அளவில் விரிகிறது, விரிசல் வாய் திறக்கிறது. சாயங்காலம் குளிர்ந்ததும் ஒட்டிக்கொள்கிறது. இருபத்தைந்து கோடைக்கு மேல் இப்படி விரிந்து சுருங்கியிருக்கிறது. பிள்ளைகளுக்குத் தண்டவாளத்து இடைவெளியைச் சொல்லி இதே பாடத்தை எத்தனை முறை நடத்தியிருப்பேன்!

டிவி ரிப்பேர் கடைக்காரர் பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாகப் பற்றவைத்தார். மற்றக் கால்களுக்கும் சேர்த்து வைக்கச் சொன்னேன். வைத்தார். எவ்வளவு என்று கேட்டதற்கு, "உங்களிடம் படித்தவன் டீச்சர்" என்றார். முகம் நினைவில் இல்லை. அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், கொஞ்சமும் நடுங்காத கை.

மே 3

கால் வீக்கம் வற்றவில்லை. இன்று காலையில் முகமும் உப்பியிருக்கிறது.

மே 4

அக்னி நட்சத்திரம் தொடக்கம். வண்டியை வேப்பமரத்தடியிலிருந்து நகர்த்தி, வேண்டுமென்றே நட்டநடு வெயிலில், கண்ணாடிகளை ஏற்றிவிட்டு நிறுத்தினேன். இரண்டு மணிக்குக் கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது. ஸ்டியரிங்கைத் தொட முடியவில்லை, முந்தானையைச் சுற்றிப் பிடித்தேன்.

முனகல். இரண்டு விநாடி. கிளம்பிவிட்டது.

பதினொரு முறை நிறுத்தி நிறுத்திப் போட்டுப் பார்த்தேன். பதினொரு முறையும் கிளம்பியது. உள்ளே ஓடிப்போய் அவளிடம் சொன்னேன். "உன் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது" என்றாள். தலை வலிக்கிறது என்றும் சொன்னாள்.

ஒரு நாள் சோதனை போதாது. நாளைக்கும் வெயிலில் நிறுத்த வேண்டும்.

மே 5

மதியம் 1.50. 146/94. நர்ஸ் பேசிவிட்டார், உடனே தஞ்சாவூருக்கு அழைத்து வரச் சொல்கிறார்கள். பை பின்சீட்டில் இருக்கிறது. ஃபைலும் தண்ணீரும் எடுத்தாயிற்று. வண்டி காலையிலிருந்து வெயிலில் நிற்கிறது, நான்தான் நிறுத்தினேன். அவளுக்கு எந்தச் செருப்பும் காலில் நுழையவில்லை, என்னுடையதைத் தேடிக்கொண்டிருக்கிறாள். நான் முன்னால் போய்ச் சாவியை ஒரு படி திருப்பி வைக்கிறேன்.