நீரில் மட்டும் பாய்மரம்

புதுச்சேரியில் கல்யாணப் பத்திரிகையும் துணிக்கடைப் பையும் ஸ்கிரீன் பிரிண்ட் அடித்துப் பழகிய கை என்னுடையது. பாரிஸுக்கு வந்த பிறகும் அதே தொழில்தான். ஆனால் இங்கே எங்கள் பட்டறைக்கு ஓவியர்களும் வருவார்கள். அவர்கள் கொண்டுவரும் படத்தை நிறம் நிறமாகப் பிரித்து, நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன் போட்டு, முப்பதோ நாற்பதோ பிரதிகள் அடித்துக் கொடுப்போம். அவர்கள் பென்சிலால் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போவார்கள். மற்ற நாட்களில் சூப்பர் மார்க்கெட் தள்ளுபடி போஸ்டர்தான் எங்களுக்குச் சோறு போடுகிறது.

அப்படி வந்த ஓவியர் ஒருவர், பிரெஞ்சு ஓவியர் குளோட் மோனேயின் ‘அர்ஜான்தேய் பாலம்’ படத்தைப் பென்டிரைவில் கொண்டுவந்தார். 1874இல் வரைந்தது. அசல் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. “இதை இன்றைய படமாக ஆக்க வேண்டும்” என்றார். எப்படி என்று கேட்டேன். “அது தெரிந்திருந்தால் நேராக அளவைச் சொல்லியிருப்பேனே” என்று சிரித்தார்.

பார்க்காதவர்களுக்கு: முன்னால் பாய் சுருட்டிய படகுகள் நிற்கின்றன. வலது பக்கம் பாலம். மீதியெல்லாம் வானமும் தண்ணீரும். அந்த ஒரு வருடத்தில் மட்டும் இந்தச் சாலைப் பாலத்தை ஏழு தடவையும், பக்கத்து ரயில் பாலத்தை நான்கு தடவையும் மோனே வரைந்திருக்கிறார். 1870 போரில் இடிந்து புதிதாய்க் கட்டிய பாலங்கள் அவை. இன்று நமக்கு அது பழைய பிரான்ஸின் அழகு. அவருக்கோ, ஊரில் புதிதாக வந்த மேம்பாலத்தைப் போய் வரைவது போலத்தான் இருந்திருக்கும். இதை நான் புரிந்துகொள்ள இரண்டு மாதம் ஆயிற்று.

முதல் வாரம் நான் செய்தது சுத்தச் சோம்பேறித்தனம். கணினியில் போட்டு வழக்கமான நான்கு நிறப் பிரிப்பு: சயான், மஜென்டா, மஞ்சள், கறுப்பு. அசல் 60க்கு 80 சென்டிமீட்டர் அளவு. நாங்கள் இரண்டு மடங்காகப் பெரிதாக்கி ஒரு மாதிரி அடித்தோம். பட்டறையில் மூத்தவர் ஒருவர் இருக்கிறார், யாழ்ப்பாணத்துக்காரர், நான் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். காய்கிற தாளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “தம்பி, இது ஆறு மாதிரியே கிடக்கு? மேசை விரிப்பு மாதிரியெல்லோ கிடக்கு” என்றார்.

கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது சரி. எங்கே கெட்டது என்று லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கறுப்புதான். அச்சில் நிழல் வேண்டுமென்றால் கறுப்புப் புள்ளியை அள்ளித் தெளித்துவிடும் கணினி. மோனேயின் கூட்டத்து ஓவியர்களான இம்ப்ரஷனிஸ்டுகள் நிழலுக்குக் கறுப்பைத் தொடுவது அரிது. நீலமும் ஊதாவும் வைத்தே இருட்டைக் காட்டிவிடுவார்கள். நான் அவர்களுடைய தண்ணீரில் புகைக்கரியைக் கரைத்துவிட்டேன்.

அடுத்த நாள் ஓர்சேக்குப் போனேன். டிக்கெட் காசு கையைவிட்டுத்தான். அசலின் முன்னால் நின்றால், நீலத்தின் மேல் பாய்மரங்களின் பிம்பம் துண்டு துண்டாக, படுக்கைவசத்தில் இழுத்த சின்னச் சின்னத் தீற்றலாக விழுந்திருக்கிறது. ஆரஞ்சு நீலத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது, கலக்கவில்லை. எங்கள் தொழிலில் சொன்னால் இவை தனித்தனி ஸ்கிரீன்கள். அட, இந்த மனிதர் எங்கள் ஆள் என்று தோன்றியது. இதே படத்தில்தான் 2007 அக்டோபரில் ஓர் இரவு, பின்கதவு வழியாக உள்ளே புகுந்த குடிபோதைக் கும்பல் பத்து சென்டிமீட்டர் அளவுக்குக் கிழித்துவிட்டுப் போனது. தேடித் தேடிப் பார்த்தேன். கிழிந்த இடத்தை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஓவியரிடம் இந்தக் கிழிசல் கதையைச் சொன்னபோது அவர் கண் மின்னியது. அந்தப் பத்து சென்டிமீட்டரை வெள்ளையாக விட்டுவிடலாமா என்றார். இரண்டு நாள் அதையே பேசினோம். மூன்றாம் நாள் அவரே வேண்டாம் என்றுவிட்டார். கதை தெரிந்தவனுக்கு மட்டும் புரிகிற படம் எதற்கு என்றார். எனக்கும் நிம்மதி. மோனேயை எடுத்து விளையாடியவர்கள் ஏற்கெனவே நிறையப் பேர். தெருச் சுவர் ஓவியர் பாங்க்ஸி 2005இல் மோனேயின் புகழ்பெற்ற அல்லிக்குளத்தில் சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டிகளைக் கவிழ்த்துப் போட்டார். பார்த்ததும் சிரிப்பு வரும், இரண்டாவது தடவை அவ்வளவாக வராது. சீனக் கலைஞர் அய் வெய்வெய் ஆறரை லட்சம் லெகோ கட்டைகளால் பதினைந்து மீட்டர் நீளத்துக்கு அதே குளத்தைக் கட்டினார். அதில் வலது ஓரமாக ஒரு கறுப்புக் கதவு வைத்தார், சிறு வயதில் தந்தையோடு தொலைதூர மாகாணத்துக்கு விரட்டப்பட்டு வாழ்ந்த நிலவறையின் வாசல் அது. அந்தக் கதவு என்னை விடவில்லை. லெகோ இல்லாவிட்டாலும் விட்டிருக்காது என்பது என் எண்ணம்.

அப்புறம் நவம்பரில் ஒரு சனிக்கிழமை மூவருமாக அர்ஜான்தேய் போனோம். பாரிஸின் சென் லசார் நிலையத்தில் ரயில் ஏறினால் கால் மணி நேரம். மோனே 1871 கடைசியில் இங்கே குடிவந்து ஆறு வருடம் இருந்தவர். அவர் வாழ்ந்த வீடுகளில் ஒன்றை இப்போது அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். ஆற்றங்கரைக்குப் போனால் ஊருக்கும் தண்ணீருக்கும் நடுவே வேகச் சாலை. லாரிச் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டும். இப்போதுள்ள பாலம் அவர் வரைந்த பாலம் இல்லை. பாய்மரப் படகு ஒன்றுகூட அன்று கண்ணில் படவில்லை. ஒரு நீளமான சரக்குப் படகு மணல் ஏற்றிக்கொண்டு போனது, அவ்வளவுதான்.

ஓவியர் முகம் வாடியது. எனக்கு அப்படி இல்லை. அவர் கைபேசியில் இன்னொரு படத்தைக் காட்டினார். அதே 1874இல், அதே ஆற்றில், எடுவார் மனே என்ற இன்னொரு ஓவியர் தன் நண்பர் மோனேயை வரைந்த படம். மோனே மிதக்கும் ஸ்டூடியோவாக மாற்றிய படகில் உட்கார்ந்து தூரிகை பிடித்திருக்கிறார். பின்னால் தூரத்தில் ஆலைப் புகைபோக்கிகள் நிற்கின்றன. எங்கள் படத்தில் ஒரு புகைபோக்கியும் இல்லை. மோனே வேறு சில படங்களில் அவற்றை வரைந்தவர்தான், தெரியாமல் விட்டவர் அல்ல. பாரிஸின் பெரிய சாக்கடை அப்போது அஸ்னியேர் பக்கம் இந்தச் செய்ன் ஆற்றில் விழுந்தது. அர்ஜான்தேய் அதற்குக் கீழே, நீரோட்டத்தின் வழியில் இருக்கிறது. அந்த நாற்றமும் படத்தில் இல்லை. படகில் உட்கார்ந்து எதை எடுப்பது, எதை விடுவது என்று அவர் ஒவ்வொரு நாளும் பொறுக்கியிருக்கிறார். வண்ணம் தகரக் குழாயில் வரத் தொடங்கி முப்பது வருடம்தான் ஆகியிருந்தது. அது இல்லாமல் படகில் கடை விரிப்பது லேசில் நடந்திருக்காது.

திரும்பும் ரயிலில் முடிவானது. நீர்மட்டத்துக்கு மேலே இருப்பதை எல்லாம் எடுத்துவிடுவது. வானம், பாலம், படகு எதுவும் வேண்டாம். அந்த இடம் முழுவதும் அந்த வேகச் சாலைத் தடுப்புச் சுவரின் சாம்பல் நிறம், ஒரே ஸ்கிரீன், ஒரே இழுப்பு. கீழே மட்டும் மோனேயின் தண்ணீர், அதில் விழுந்த பிம்பங்களோடு அப்படியே. மேலே பாய்மரம் இருக்காது. நீரில் இருக்கும்.

சொல்ல எளிது. தண்ணீருக்குப் பதினோரு ஸ்கிரீன் ஆயிற்று, அதில் நீலம் மட்டும் ஏழு. கணினிப் பிரிப்பைத் தூக்கி எறிந்துவிட்டு, ஃபிலிம் மேல் கறுப்பு மையால் ஒவ்வொரு தீற்றலையும் கையால் எடுத்தோம். ஓவியர் ஐந்து நிறம், நான் ஆறு. அவர் எடுத்தவை சுத்தமாக இருந்தன. என்னுடையவை கொஞ்சம் நடுங்கின. தண்ணீருக்கு நடுங்கியதுதான் பொருந்தியது என்பேன், அவர் இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை.

ஒன்பதாவது ஸ்கிரீனில் மாட்டினேன். இரவு மழை. ஹீட்டரை அணைத்துவிட்டுப் போனது நான். காலையில் தாள் ஈரம் குடித்து விரிந்திருந்தது. அளவு பார்க்காமல் ஆரஞ்சை அடித்துவிட்டேன். ரெஜிஸ்டர், அதாவது நிறத்தின் மேல் நிறம் பொருந்துவது, இரண்டு மில்லிமீட்டர் விலகி, ஒவ்வொரு பிம்பத்தின் ஓரத்திலும் வெள்ளைக் கீற்று தெரிந்தது. பதினாலு தாள் போன பிறகுதான் கவனித்தேன். எனக்கு அந்தக் கீற்று பிடித்திருந்தது, தண்ணீர் அசைவது போல. இதையே வைத்துக்கொள்ளலாம் என்று ஓவியரிடம் கெஞ்சினேன். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “மறுபடி இதையே உங்களால் அடிக்க முடியுமா?” என்று கேட்டார். முடியாது. “அப்படியானால் இது மழை அடித்தது, நீங்கள் அடிக்கவில்லை” என்றார்.

ரோஷம் வந்துவிட்டது. அடுத்த ஒரு வாரம் வேலை முடிந்த பிறகு உட்கார்ந்து, ஆரஞ்சு ஃபிலிமில் ஒவ்வொரு தீற்றலின் இடது ஓரத்தையும் பிளேடால் சுரண்டினேன். எல்லாவற்றையும் அல்ல, அசலில் தீற்றல்களுக்கு நடுவே அடித்துணி எட்டிப் பார்க்கிற இடங்களில் மட்டும். அண்ணை தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அந்த ஃபிலிமில் அடித்த தாளை ஓவியர் பார்த்தார். “சரி” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

முப்பது பிரதிகள் போயின. போகும் முன் அண்ணை ஒன்றைச் சுவரில் சாய்த்து, பின்னால் தள்ளி நின்று பார்த்தார். “படகைக் காணேல்லையே” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “நிண்டிருக்கு, பாத்தியோ” என்றார்.

ஸ்கிரீன்களைக் கழுவி அடுத்த வேலைக்கு எடுத்துவிட்டோம். படத்தைத் தாங்கிய எமல்ஷன் பூச்சு போய்விடும், மை போய்விடும். ஆனால் ஸ்கிரீனின் வலைத்துணியில் கறை தங்கும். பேய் உருவம் என்று சொல்வார்கள், அச்சில் விழாது. போன வாரம் கோழி இறைச்சித் தள்ளுபடி போஸ்டருக்கு அந்த ஆரஞ்சு ஸ்கிரீனைத்தான் மாட்டினேன். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால், ‘கிலோ’ என்ற எழுத்துக்குப் பின்னால் பாய்மரங்கள் நெளிந்துகொண்டிருந்தன. மையை ஊற்றி இழுத்தேன்.